338

சோசேஜ், மோல்ட் மா, சீஸ், கறுத்தச் சோடா.
காலி வீதி சுப்பர் மார்க்கெட்டில்
மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
பார்கோட்டுக்கு மேலே பொடி எழுத்தில் ஓடுவதை
ஒரு கணம் நின்று வாசிப்பேன்.
338. 451. 452.
பஸ் இலக்கங்கள் மாதிரித்தான்.
இறங்குமிடம் எலும்பு.

"விலை பிழையோ, தங்கச்சி?"
இல்லை அங்கிள், விலை சரி.

கிளினிக்கில் எழுதித் தந்த பெயர் பொசுபரசு.
பத்தாம் ஆண்டில், பள்ளிக்கூட அலுமாரியில்,
தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்திருந்தார்கள்
காற்றுப் பட்டால் எரியுமென்று.
எனக்குள்ளே அது எரிவதில்லை.
ஊருகிறது.
இரவு இரண்டு மணி,
வெள்ளவத்தைக் கடைசி ரயிலும் போனபிறகு
சீப்பை எடுத்து முதுகைச் சொறிகிறேன்.

மத்தியானம் இரேஷா
மீன் பணிஸில் பாதியை நீட்டுவாள்,
நான் தலையாட்டிவிட்டு
சோற்றின் முதல் வாயோடு
சுண்ணாம்புக் குளிசையை மெல்லுவேன்.
கரும்பலகை துடைத்த கையை
நக்கினமாதிரி ஒரு ருசி.

நேற்று ஒருவர் வந்தார்.
மடித்த சட்டைக்கைக்குக் கீழே
கயிறாய்ப் புடைத்த நரம்பு,
அதன்மேல் இரண்டு பஞ்சு ஒட்டுகள்.
எனக்கு இன்னும் அந்தக் கை வரவில்லை.
ஒரேயொரு போத்தல். கறுப்பு. வியர்த்திருந்தது.

"மருமகனுக்கு" என்றார்
நான் கேட்காமலே.

பீப்.
மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

சொல்லியிருக்கலாம்தான்.
ஆனால் லாச்சிக்குள்
காலையில் நான் தின்ற சீஸ் துண்டின்
வெள்ளித்தாள்
இன்னும் கசங்கிக் கிடந்தது.