அவருடைய கோட்டு

இரண்டு குளிர்காலமாக
தௌனோவின் பூட்ஸை ரொட்டி அடுப்புக்குள் ஒளித்து வைக்கிறேன்.
ரொட்டி சுடுவது நின்றுபோயிற்று.
போன மார்ச்சில் வெறும் காலுறையோடு
உறைந்த கடல்மேல் அரைக் கிலோமீட்டர் போயிருந்தார்,
முப்பது வருடம் பனி வழித்த லாரியைத் தேடி.
கெமி முழுக்கத் தெரிந்த கதை.
டாக்டர் சொன்னார்: இனி ஓர் இல்லம் பாருங்கள், ஹில்க்கா.
பாருங்கள் என்றால் எதைப் பார்ப்பது?

முதல் இல்லத்தில் ஜன்னல் திரைகளைக் காட்டினார்கள்.
நான் குளியலறையின் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு
சத்தமில்லாமல் எண்ணினேன்.
நானூற்றுப் பதினொன்றில் ஒரு பெண் எட்டிப் பார்த்து
கை தவறி இழுத்தீர்களா என்றாள்.
ஆமாம் என்றேன்.

இரண்டாவதில், இரவுக்கு எத்தனை பேர் என்று கேட்டேன்.
மேலாளர் நல்ல காபி ஊற்றினார்.
மறுபடி கேட்டேன்.
கேக் வந்தது.

மூன்றாவது புத்தம் புதியது,
மகன் அனுப்பிய பட்டியலில் முதலிடம்.
சுற்றிக் காட்டி முடித்ததும்
கையோடு கொண்டுபோன தௌனோவின் கோட்டை மாட்டி
அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
அவர் நடையில், வரவேற்பு மேசையைத் தாண்டி நடந்தேன்.
கண்ணாடிக் கதவு மரியாதையாகத் திறந்துகொண்டது.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம் நின்றேன்.
யாரும் வரவில்லை.
கார்கள் நிற்கும் இடம்வரை போனேன்.
யாரும் வரவில்லை.

நான்காவதில் கூரை ஒழுகிய கறை, முட்டைக்கோஸ் வாடை.
சுவர்க் கடிகாரம் இன்னும் கோடை நேரம் காட்டியது.
அதே கோட்டு, அதே நடை.
கதவுக்கு ஐந்தடி இருக்கையில்
தரை துடைத்துக்கொண்டிருந்தவள் என் முழங்கையைப் பிடித்தாள்,
இழுக்காமல், கூடவே கிளம்பியவள் மாதிரி.
"எங்கே இந்த நேரத்துல?"
"லாரி எடுக்க" என்று வாயில் வந்துவிட்டது.
"எஞ்சின் சூடாகட்டும், அதுவரைக்கும் உட்காருங்க."
குனிந்து என் பூட்ஸைக் கழற்றினாள்.
காலுறையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
பாதத்தை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

பார்க்க வந்தவள் நான் என்று
அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.
எழுபத்தாறு வயது. என் காலை
யாராவது தொட்டு எவ்வளவு நாளாயிற்று.
கொஞ்ச நேரம் சொல்லவில்லை.

சொன்னபோது அவளுக்குக் கோபம்; நியாயம்தான்.
அந்தக் கோபம் ஆறுமுன்னே கேட்டேன்:
இரவுக்கு எத்தனை பேர்?
"ரெண்டு. மூணு இருக்கணும்" என்றாள் ரித்வா,
துடைப்பத்தைப் பிழிந்தபடி.
நாலு இல்லத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதில்.

துணிமணி எல்லாவற்றிலும் பெயர் எழுதி வரச் சொன்னார்கள்.
இன்று மாலை அடுப்பைத் திறந்து
பூட்ஸை வெளியே எடுத்தேன்.
உட்புறத் தோலில் தௌனோ, தௌனோ என்று
இரண்டிலும் எழுதி, மை காயும்வரை ஊதினேன்.

அடுப்பு காலியாக இருக்கிறது.
மாவு பிசையலாம்.
ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று தெரியவில்லை.