இரட்டையில் இல்லாத அறை

ஔலு நகரத்தில் ஜனவரி.
மூன்று மணிக்கெல்லாம் அணைந்துபோகிறது பகல்.
நகராட்சிக் கட்டடம் ஒன்று
வெளியே பனியில் நிற்கிறது.
இன்னொன்று என் திரையில்:
அதே ஆறு மாடி, அதே நூற்றுப் பன்னிரண்டு கதவு,
பனி மட்டும் கிடையாது.
பொறியாளர்கள் அதை இரட்டை என்கிறார்கள்.
ஒன்றுக்கு மூச்சு முட்டினால்
மற்றதற்கு நிறம் மாறும்.

காய்ச்சல் காலம் இது.
கூட்ட அறைக்குள் எட்டாவது ஆள் நுழைந்தால் மஞ்சள்.
காற்று தேங்கினால் சிவப்பு.
விசிறியைக் கூட்டுவேன்.
யார் பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள், தெரியாது.
விட்ட மூச்சு மட்டும் என்னிடம் வந்துசேரும்,
கணக்குப்பிள்ளையிடம் சில்லறை வருவதுபோல.

இரவில் கட்டடம் முழுக்க நீலம்.
மூன்று பத்துக்கு மட்டும்
நான்காம் மாடிப் படிக்கட்டோரம்
ஒரு சுவர் சிவக்கும்.
அறை அல்ல,
சுவர்.

முதல் இரவு உணரியைத் திட்டினேன்.
அடுத்த இரவு அதன் பேட்டரியை மாற்றினேன்.
மூன்றாம் இரவு
டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

வரைபடத்தில் இல்லாத கதவு,
இரண்டு முழ அகலம்.
உள்ளே கவிழ்த்த வாளிமேல் ஹோதான்,
துடைப்பங்களுக்கு நடுவே,
முகக்கவசம் தாடைக்குக் கீழே,
குடுவையிலிருந்து ஏலக்காய் மணம்.

"கதவைச் சாத்து, இல்போ. குளிர்."
சாத்தினால் காற்றில்லை என்றேன்.
"ஓய்வறையில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் என்று
அட்டை தொங்குகிறது.
நாங்கள் ஒன்பது பேர்.
என் முறை வருவதற்குள் விடிந்துவிடும்."

இந்த அறையையும் இரட்டையில் சேர்க்கிறேன்,
காற்று வரும் என்றேன்.
அவள் குடுவையின் மூடியைத் திருகினாள்.
"சேர்த்தால் பூட்டும் வரும்."

வரும்தான்.
பாதுகாப்புப் பிரிவை நான் அறிவேன்.
காற்றோட்டம் இல்லாத அறைக்கு
அவர்களிடம் இருக்கும் மருந்து
ஒரு பூட்டும் ஓர் அறிவிப்பும்.

தலைக்குமேல் குழாய் நுழையும் இடத்தில்
ஒரு கை போகும் அளவுக்கு ஓட்டை;
அதற்கப்பால் நகலெடுக்கும் அறை.
பார்த்துக்கொண்டேன்.

கீழே வந்து
விசைப்பலகைமேல் விரல் வெகுநேரம் சும்மா கிடந்தது.
பொய் நுழைந்த கணக்கு
மறுபடி முழுசாக மெய்யாகாது.
இருந்தும் எழுதினேன்:
நான்காம் மாடி, நகலெடுக்கும் அறை,
இருவர்,
இரவு இரண்டு முதல் ஐந்து வரை.

இரட்டை நம்பியது.
எங்கோ தகடு திறந்து
குழாய்க்குள் காற்று நகரும் ஓசை
நான்கு மாடி இறங்கி
என் நாற்காலிக் கால்வரை வந்தது.

மறுநாள் மூன்று பத்து.
சுவர் நீலமாகவே இருந்தது.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்த சினிக்கா
தாளில் விரல் வைத்துக் கேட்டாள்:
"யார் இந்த இருவர்?
ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லையே.
காய்ச்சல் வரவில்லையா?"

"இதுவரை இல்லை," என்றேன்.
"கவனமாக இருக்கிறார்கள்."