இரண்டு கட்டைவிரல்கள்

ஆர்கனின் துருத்தியை எலி தின்றுவிட்டது.
ஆகவே பியானோ. ஆகவே நான்.
நாலு குரல் ஞானப்பாட்டைப் பத்து விரலுக்குள் அடக்கித் தா என்றார்கள்,
ஈஸ்டருக்குள்.

வடக்கு வேல்ஸில் மார்ச் மழை
பக்கவாட்டில் பெய்யும்.
சமையலறை மேசையில் சிற்றாலயத்தின் பாட்டுப்புத்தகம்.
ஐந்து கோடு கிடையாது அதில்,
வெறும் எழுத்துகள், நடுவே முக்காற்புள்ளிகள்,
யாரோ சிந்திய தேநீர் வட்டம் ஒன்று டெனரின் மேல்.

பேஸுக்கும் டெனருக்கும் இடையே பத்துச் சுரம்.
வாசிக்கப்போவது மோர்வித்.
அவள் கைக்கு எட்டுத்தான் எட்டும்.
அந்தக் கையைத்தான் பண்ணைக்காரர்கள்
நடுச்சாமத்தில் கதவு தட்டி அழைத்துப்போகிறார்கள்,
தாயாட்டின் வயிற்றுக்குள் கால் மடங்கிக் கிடக்கும் குட்டியைத்
திருப்பி எடுக்க.
பத்தை உடைத்துக் கீழிருந்து மேலாக உருட்டினேன்.
அவளிடம் காரணம் சொல்லவில்லை.

இன்னும் ஒருவரை இறக்கிவிட வேண்டும்.
சோப்ரானோதான் ராகம், கைவைக்க முடியாது.
பேஸை எடுத்தால் கூரை விழும்.
எப்போதும் ஆல்ட்டோவுக்குத்தான் முதலில் வேலை போகும்.
நானும் ஆல்ட்டோ.
இருபத்தாறு வருஷம் ஒரே சுரத்தில் நின்று
மற்றவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தவள்.
விடுவேனா?
இரண்டு கட்டைவிரலுக்கும் பங்கு பிரித்தேன்:
இந்த அசைக்கு வலது, அடுத்ததற்கு இடது,
ஈரத்துணிக் கூடையைக் கைமாற்றிக் கைமாற்றி
மேடேறும் இருவர் போல.

இரண்டாம் சரணத்தில் எனக்குள் பெருமை புகுந்தது.
வரி முடியும் இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறதே என்று
சின்னச் சுரங்களை அருவியாகக் கொட்டினேன்.
நன்றாகத்தான் இருந்தது.
தாள் திரும்பி வந்தது, ஓரத்தில் கம்பளிப் பிசுக்கு,
பென்சிலில் ஒரே கேள்வி:
ஜனங்கள் எங்கே மூச்சு விடுவார்கள்?

யாரும் பாடப்போவதில்லை, இது பியானோ
என்று பதில் எழுதினேன்.
அனுப்பவில்லை.
ரப்பரை எடுத்தேன். விடியும்வரை அருவியைத் துடைத்தேன்.

சொல்லைக் கழற்றிய பாட்டில்
மெய்யெல்லாம் உதிர்ந்து
உயிர் மட்டும் நீள்கிறது.
மூன்றாம் சரணத்தை நான் சேர்க்கவில்லை.
சாவைப் பற்றியது. நேரமும் இல்லை.

ஈஸ்டர் காலை. மோர்வித்தின் நகக்கண்ணில் இன்னும் அயோடின்.
குளிருக்குக் கையை ஒருமுறை தொடையில் தேய்த்துக்கொண்டு
வாசித்தாள்.
பக்கவாட்டு வரிசையில் இதெல் ப்ரோதரோ,
பிப்ரவரியில் மனைவியை அடக்கம் செய்தவர்.
சத்தமில்லாமல் உதடு அசைந்தது.
நான் நாலாம் சரணத்தில் இருந்தேன், விடியல் வரிகளில்.
அவர் வாயையே பார்த்தேன்.
அவர் மூன்றில் இருந்தார்.

வரி முடிந்தது. மோர்வித் பெடலிலிருந்து கால் எடுத்தாள்.
அவர் தோள் ஏறி இறங்கியது.
என்னுடையதும்.

பாட்டு தீர்ந்தது.
அவருக்கு இன்னும் ஒரு சரணம் பாக்கி.
மோர்வித் திரும்பிப் பார்த்தாள்,
கட்டைவிரல்களை எடுக்காமல்.