கச்சேரிக்கு எதிரே

எங்கள் ஊரில் கச்சேரி என்றால் பாட்டில்லை.
முத்திரை, வரிசை, 'நாளைக்கு வாங்கோ'.
அதற்கு எதிரே, தகரக் கூரையின் கீழ்,
பக்கம் பத்து ரூபாய்க்குக்
கிளிநொச்சியைப் பிரதி எடுப்பவன் நான்.

யூஜினி மிஸ்ஸின் வாழ்க்கை
ஒரு மாரி நாளில் என் கண்ணாடிமேல்
குப்புறப் படுத்தது.
எட்டுப் பக்கம். மூன்று பிரதி.
வெளிச்சக் கோடு ஓடி முடிவதற்குள்
வாசிப்பது பிழைதான். வாசிப்பேன்.

பிறந்தது அக்கராயன்.
பத்தொன்பது வயதில், கொழும்பில், கடற்கரை விடுதியில்,
சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பியானோ.
பிறகு கப்பல்.
பிறகு பேர்கன் என்றொரு மழை நகரம்,
அங்கே இசைக்கல்லூரியில் பதினாறு வருடம்
ஜாஸ் விரிவுரையாளர்.
இசையமைத்தவை நாற்பத்தொன்று. இசைத்தட்டு இரண்டு.
திருமணம் என்ற இடத்தில்
சின்னதாய் ஒரு கோடு, பேனை அழுத்தாமல்.

கல்வித் திணைக்களப் படிவத்தில் இரண்டே பெட்டி:
கர்நாடகம். மேலைத்தேயம்.
இரண்டுக்கும் நடுவே ஓடிய கோட்டின்மேல்
புள்ளடி போட்டிருந்தா.
உள்ளே இருந்தவர் அதை வெட்டி
'இதர' என்று எழுதினாராம்.
"முப்பது வருசம் விமர்சகர்கள் எழுதினதைவிட
இது சரி" என்று சிரித்தா.

நியமனம் வரவில்லை. வகுப்பு வந்தது.
கூட்டுறவு மண்டபம், செவ்வாய் பின்னேரம்,
வேலை முடித்து வருகிறவர்களுக்கு.
ட்றம்ஸுக்கு பஸ் நடத்துனர் சிவஞானசோதி.
ட்றம்பெற்றுக்கு ஆஸ்பத்திரித் தாதி கலாவல்லி.
பேஸ் கிற்றாருக்கு நெற்களஞ்சியக் கணக்காளர்,
இடக்கையில் மூன்று விரல்.
அந்த மூன்றுக்கென்றே எழுதிக் கொடுத்தா.
இரக்கம் என்று நினைத்தாராம்,
ஐந்து விரல்காரனும் திணறுவான் என்று
என் கடையில் வந்து முறைப்பட்டார்.

"தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வாங்கோ."
"அதுக்கு எனக்குப் பயிற்சி வேணாம் மிஸ்,
இருபது வருசமாய் முல்லைத்தீவு பஸ்."

மார்கழியில் 'வான்கதவு' வந்தது.
இரணைமடுக் குளம் திறக்கிற சத்தமாம்.
முப்பத்திரண்டு பக்கம். நாலு பிரதி.
பதினெட்டாம் பக்கத்தில்
நான்கு கட்டம் வெறுமை,
சாய்ந்த கோடுகள் மட்டும்.
மையை ஏற்றினேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
மறுபடி எடுத்தேன், மறுபடி வெறுமை.
"இந்தப் பக்கத்துக்குக் காசு வேணாம், மெசின் பிழை."

"பிழையில்லை. அதில நான் எழுதக்கூடாது.
வாசிக்கிற ஆளின்ர இடம்."

அன்று காலையிலும் எடுத்திருந்தேன்,
எந்த நாளும் எடுப்பதுதான்,
காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாள்கள்.
'கடைசியாகக் கண்ட இடம்':
எழுத்து பெட்டியை நிரப்பி, ஓரத்தில் ஏறி,
பின்பக்கத்துக்கும் போயிருக்கும்.
'தற்போதைய நிலை':
அதன் கீழே ஒருவரும் எழுதுவதில்லை.
அந்தத் தாளுக்கும் மை ஏற்றிப் பார்த்திருக்கிறேன்.

தை இரண்டாம் கிழமை வாசித்தார்கள்.
பாதியில் கரண்ட் போனது, பேஸ் செத்தது.
கணக்காளர் கதிரைக் கையில் தட்டினார், மூன்று விரலால்.
மிஸ் நிறுத்தவில்லை.
பதினெட்டாம் பக்கம்.
கலாவல்லி ட்றம்பெற்றை உயர்த்தினா.
ஊதவில்லை.
ஒரு கட்டம் போனது. இரண்டு போனது.
மிஸ் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
மூன்றாவதில், கீறலாய், ஒற்றைச் சுரம்,
பிந்தி,
மிகவும் பிந்தி.
பின்வரிசையில் எவனோ சிரித்தான்.
எனக்குப் பக்கம் தெரியும். நான் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மதியம்
சீருடையோடு கலாவல்லி கடைக்கு வந்தா.
"பதினெட்டாம் பக்கம் மட்டும் இன்னொண்டு."
இந்தமுறை மையைத் தொடவில்லை.
பத்து ரூபாய் தந்தா.
வாங்கிக்கொண்டேன்.