மூன்றில் நிற்கிறது

நாலாவது மணி நேரம்.
பச்சை எண்களில் மீட்டர் சொல்வது:
மூன்று, பத்தின் அடுக்கு மைனஸ் நாலு.
இறங்க மாட்டேன் என்கிறது.
மைனஸ் ஐந்துக்குள் போனால்தான்
அலுமினியம் ஆவியாகி
நூற்றிருபது ஹெட்லைட் கிண்ணங்களில்
கண்ணாடியாகப் படியும்.
இப்போதே சுட்டால் புகைக்கறைதான் மிஞ்சும்.

வெளியே சிப்காட் முழுக்கத் தூறல்.
"ஈரம்க்கா, சேம்பர் சுவரு குடிச்சிருக்கும்"
என்கிறான் மாதேஷ்.
அவனுக்கு எதுவென்றாலும் ஈரம்.

வால்வை மூடிவிட்டுப் பார்த்தேன்.
ஏறி, பிறகு தளர்ந்தால் உள்ளே ஊறியது.
ஒரே சாய்வில் ஏறிக்கொண்டே இருந்தால்
எங்கோ வழி இருக்கிறது.
தளரவில்லை.

பிரானி மானியை எனக்குப் பிடிக்கும்.
அழுத்தத்தை அது நேரில் கண்டதே இல்லை.
சுடவைத்த ஒரு கம்பி,
வந்து மோதிப் போகிறவை
எவ்வளவு சூட்டைக் கொண்டுபோகின்றன
என்கிற கணக்கு, அவ்வளவுதான்.
எடுத்துப்போக ஆளில்லாமல்
தன் சூடு தன்னிடமே தேங்கும்போது
வெற்றிடம் என்று சொல்லிவிடுகிறது.
அதற்கும் கீழே அதன் பேச்சு எடுபடாது.
பென்னிங்தான் சொல்ல வேண்டும்.

ஹீலியம் மேலே போகிற சாதி,
ஆகவே உச்சியிலிருந்து தொடங்கினோம்.
மேல் ஃபிளேஞ்ச், பார்வைச் சன்னல், மின்கம்பி நுழையும் துளை.
சத்தமில்லை.
கதவின் இடது கீழ்மூலையில்
கருவி வீறிட்டது.

காற்றை உள்ளே விட்டோம்.
ஓசூர்க் காற்று, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மில்லிபார்.
பாலிடெக்னிக்கில் மனப்பாடம் செய்த ஆயிரத்துப் பதின்மூன்று
கடலோரத்துக்காரர்களுக்கு.

ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தேன்.
பள்ளத்தில் ஒரு முடி.
நீளம். நுனியில் மருதாணிச் சிவப்பு.

நேற்று வளையம் மாற்றியவள் சௌடம்மா.
மாற்றிவிட்டு,
தொப்பியை மடித்து என் கையில் கொடுத்து
அஞ்செட்டி பஸ் ஏறிப் போய்விட்டாள்.
ஆபீசில் அவள் கணக்கு இன்னும் தீரவில்லை,
பதினோராயிரத்துச் சொச்சம்.

விரலில் ஒட்டியதை ஊதிவிட்டேன்.

விடியற்காலை மூன்றரைக்கு
நாலு புள்ளி எட்டு, மைனஸ் ஐந்து.
இத்தனை உறிஞ்சியும்
ஒரு கன சென்டிமீட்டருக்குள்
லட்சம் கோடிக்கு மேல் மூலக்கூறுகள் இருக்கும்.
எனக்கு அது போதும், கிண்ணங்களுக்கும் போதும்.

பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
தூசி என்று எழுதினேன்.
மாதேஷ் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஈரம்னே போட்டிருக்கலாம்க்கா."