நாலரை அங்குலம்

காரில் எனக்கு ஆறில் ஒரு பங்கு.
மற்ற ஐந்தும்
ஈப்போவில், ஹூஸ்டனில், கோவையில்,
பேச்சுவார்த்தை இல்லாத அடுத்த தெருவில்,
ஒன்று எங்கே என்றே தெரியவில்லை.
பெட்ரோல் மட்டும் முழுவதும் என்னுடையது.

ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஸ்டாண்டர்டு வேன்கார்டு.
ஆமை முதுகு. மூன்றே கியர்.
நாற்பது மைலைத் தாண்டினால்
அரவை மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி.
திருச்சி நாலுவழிச் சாலையில்
ஜல்லி லாரிக்காரன்கூட
ஒதுங்கச் சொல்லி ஹாரன் வைக்கிறான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
பீங்கான் ஜாடிக்கும் கைபோன சரவிளக்குக்கும் நடுவே
அது கிடந்தது.
"தண்ணி மோட்டாருங்க" என்றார் கடைக்காரர்.
பித்தளைத் தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.
ஓவர்டிரைவ்.
முகத்தில் ஒன்றும் காட்டாமல் விலை கேட்டேன்.
இரும்பு எடைக்கே போட்டார்.

சிக்கந்தர் அதைப் பிரித்து
என் சீர்த் தாம்பாளத்தில் பரப்பினார்:
கூம்பு கிளட்ச், சுருள்வில்கள்,
புளியங்கொட்டை அளவில் உருளைகள்.
"எல்லாம் இருக்கு. ஆனா
இது உள்ள வந்தா இன்னொண்ணு குட்டையாகணும்.
பின்னச்சுக்குப் போற தண்டை வெட்டணும்.
நாலரை அங்குலம்."

வெட்டுவது என்ற சொல்லை
பங்காளிகள் குழுவில் தட்டிவிட்டேன்.

ஹூஸ்டன் ஒரு கட்டைவிரல்.
கோவை: "செலவுல நான் இல்ல, எழுதி வச்சுக்க."
அடுத்த தெரு: இரண்டு நீலக் குறிகள், அவ்வளவுதான்.
ஈப்போ சாத்தப்பன் அண்ணன் மூன்று நிமிஷம் பேசி அனுப்பியிருந்தார்:
"ஒரிஜினல்ல கை வைக்காதே உமையாள்.
பெரியவுக வாங்குன மேனிக்கே இருக்கட்டும்."

பெரியவுக வாங்கிய முன் பம்பரை
பதினாறு வயதில் ஊரணிப் படிக்கட்டில் மடக்கியது யார்
என்று நான் கேட்கவில்லை.
கேட்கத் தட்டினேன். அழித்துவிட்டேன்.

தேவகோட்டை அருளானந்து பட்டறை.
வெட்டுமுன் தண்டின் நெடுக
சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார்.
"ஒட்டும்போது கோடு கோட்டோட சேரணும்.
ஒரு நூல் பிசகினாலும்
வண்டிக்குக் குளிர்ஜுரம்."
ரம்பம் பாட்டுக்குப் போனது.
விழுந்த துண்டை முந்தானையால் எடுத்தேன்.
துணி வழியாகவும் சுட்டது.

பதினோரு நாள்.
தரைத்தகட்டை அறுத்து, தாங்குகட்டையைப் பின்னுக்குத் தள்ளி,
நீள அச்சு ஒன்றைப் பெங்களூரிலிருந்து வரவழைத்து,
முப்பதாம் நம்பர் எண்ணெய் ஊற்றி.
சுவிட்ச் மட்டும் நான் கொண்டுபோனது:
வளவில் எரியாத விளக்கின்
கறுப்பு பேக்கலைட் குமிழ்.
வீட்டிலும் எனக்கு ஆறில் ஒன்று உண்டு.
சிக்கந்தர் சிரித்துவிட்டு
நடுவில் ஒரு ரிலே வைத்தார்.

கானாடுகாத்தான் தாண்டி, திருமயம் போகிற வழி.
டாப் கியர். நாற்பத்தைந்து.
இஞ்சின் கத்துகிறது.
"இப்ப."

டக்.

மாவு அரைத்து முடித்த வீடு போல ஆயிற்று.
வேகம் அப்படியே இருக்க
சத்தம் மட்டும் கீழே இறங்கிப் போயிற்று.
அதற்கப்புறம்தான் கேட்டது
பின்கதவுக்குள் ஏதோ உருள்வது.
"நட்டு ஒண்ணு," என்றார் சிக்கந்தர்,
"ரொம்ப வருஷமா உருண்டிருக்கும்."
ஐம்பத்தைந்து. அறுபது.
கோட்டை வலப்பக்கம் வந்து, போனது.
ஜல்லி லாரி ஒன்றை முந்தினோம்.
ஹாரன் அடித்தேன், தேவையே இல்லாமல்.

"ஒண்ணுதான் ஞாபகம் வைங்க:
இது விழுந்திருக்கும்போது
ரிவர்ஸ் எடுத்துடாதீங்க.
உள்ள நொறுங்கிரும்."

துண்டை ஈப்போவுக்கு அனுப்பினேன்.
பார்சல் படிவத்தில், பொருள்: இரும்புக் குழாய்.
மதிப்பு: பூஜ்யம்.
"பூஜ்யம் எடுக்காதும்மா, ஏதாச்சும் போடுங்க."
முப்பது ரூபாய் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு படம் வந்தது.
அண்ணன் மேசையில் அது நிற்கிறது,
உள்ளே நாலு பேனா, ஒரு கத்தரிக்கோல்.
கீழே ஒரு வரி: "ஒரிஜினல்."

அடியில்லாத குழாய்.
தூக்கினால் எல்லாம் கொட்டும்.
அதை நான் சொல்லவில்லை.