காற்று அதிகம்

பேஹெட் சாலையில் என் லாரி
இருநூற்றுப் பதினேழாவது.
எண்ணியது நானில்லை.
ஒதுங்கப் போனவன் வரிசையின் தலைவரை நடந்துவிட்டு
திரும்பி வந்து சொன்னான் பெகிதெம்பா.
பொறுத்தார் பூமி ஆள்வார்.
ஆளட்டும்.
அதற்கும் எனக்கு முன்னால்
இருநூற்றுப் பதினாறு பேர் நிற்கிறார்கள்.

துறைமுகத்திலிருந்து சேதி:
காற்று அதிகம், கிரேன்கள் நிறுத்தம்.
எப்போது தொடங்கும்?
காற்று குறைந்ததும்.
எப்போது குறையும்?
ரேடியோவில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள்,
சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.

முதுகுக்குப் பின்னால்
லிம்போப்போ ஆரஞ்சு, இருபத்துநாலு டன்,
நாலு டிகிரிக் குளிரில் உறங்குகிறது.
குளிர்ப்பெட்டியின் இயந்திரம் உறுமும்போதெல்லாம்
டீசல் குறைவது என் பல்லில் தெரியும்.

போன வருஷம் இதே இடத்தில்
ஹாரனை அழுத்தினேன், கதவை உதைத்தேன்,
முன்னால் நின்றவனின் பரம்பரையைத்
தமிழில் திட்டினேன், புரியாது என்ற தைரியத்தில்.
அவன் டோங்காட் தமிழன்.
இறங்கி வந்தான்.
நானும் குதித்தேன்.
குதித்த இடத்தில் பிடித்துக்கொண்டது இடுப்பு.
அடிக்க வந்தவனே
என்னைத் தூக்கி உட்காரவைத்தான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு ஒரு துண்டுத்தாள் தந்தார்கள்:
வியாழன் மாலை ஆறு, மெரிபேங்க் பள்ளிக்கூட ஹால்,
யோகா, காலணி வேண்டாம்.

நோகுதூலாவுக்கு வயது இருபத்தாறு,
என் மகளைவிட மூன்று குறைவு.
கடைசியில் எல்லோரையும் மல்லாத்தி
சவாசனம் என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் வீட்டில் சவம் என்பது வசவு.
எழுந்திரு சவமே, நேரமாச்சு.
சோறு ஆறுது, வா சவமே.
ஐம்பத்தோரு வயதில் ஒருத்தி
சவமாகவே கிட, அது போதும் என்கிறாள்.

கிடந்தேன்.
முதல் வாரம் கொசு.
அடுத்த வாரம் வீட்டுக் கடனின் தவணை
நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தது.
ஒருநாள் தூங்கிப்போய்
என் குறட்டையில் நானே விழித்தேன்.
அப்புறம், எத்தனையாவது வியாழனோ தெரியாது,
பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போய்
ஓசை அடங்கிய பிறகும்
தரையில் அது கொஞ்சம் மிச்சமிருந்ததை
முதுகு கேட்டது.

மூச்சைப் பிடித்து இழுக்காதீர்கள்,
அது வரும், வழி விடுங்கள் என்பாள்.
வழி விடு.
முப்பது வருஷ ஓட்டத்தில்
கெட்ட வார்த்தை சேர்க்காமல் இதை
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இன்று இரவு ஒன்பதுக்குப் பேட்டையில் மின்சாரம் போனது.
வெறும் கன்டெய்னர்களில் காற்று ஊளையிட்டது.
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி
முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடினேன்.
அமைதி என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
முழங்கால் வலித்தது.
தாமதக் கட்டணம் ராண்ட் ராண்டாய்ச் சொட்டியது.
வெளியே ஒரு துறைமுகத்தையே நிறுத்திவைத்திருக்கும் காற்றில்
ஒரு சிட்டிகை
என் மூக்கு வழியே வந்து
யாரையும் கேட்காமல் திரும்பிப் போனது.
வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

படபடவென்று கண்ணாடியில் அடி.
டேனி! டேனி! செத்துட்டியா?
பெகிதெம்பா, டார்ச்சோடு, முகம் வெளிறி.
இன்னும் இல்லை, பழகிக்கிட்டிருக்கேன் என்றேன்.

ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.
ரொட்டி பிட்டான், தேநீர் ஊற்றினேன்.
எனக்கும் காட்டு என்றான்.
காட்டுவதற்கு என்ன இருக்கிறது,
சும்மா இரு என்றேன்.
கண்ணை மூடினான்.
பத்து நொடி தாங்கினான்.
மச்சான் வாங்கிய மாட்டின் விலையைச்
சொல்ல ஆரம்பித்தான்.

நடுநிசி தாண்டி எப்போதோ
முன்னால் சிவப்பு விளக்குகள் அசைந்தன.
ஒரு லாரி நீளத்துக்கு இடைவெளி விழுந்தது.
எனக்குப் பின்னால் அவன் வண்டி, ஆளில்லாமல்.
அதற்கும் பின்னால் ஹாரன், ஹாரன்மேல் ஹாரன்.
சாவியில் கை வைத்தேன்.
உள்ளே வந்திருந்த மூச்சு
வெளியே போய்ச் சேரட்டும் என்று
அதுவரை இருந்தேன்.

இருநூற்றுப் பதினாறு என்று கத்திக்கொண்டே
வாய் நிறைய ரொட்டியோடு
தன் வண்டிக்கு ஓடினான் பெகிதெம்பா.